பிரசங்கம் இல்லாத கிறிஸ்தவ நாவல் கிடைக்குமா?

கேள்வி: கிறிஸ்தவ நாவல்கள் படிக்க ஆசை. ஆனால் கைக்குக் கிடைத்த இரண்டுமே கதை வேஷம் போட்ட பிரசங்கமாக இருந்தன. நிஜமாகவே ரசித்துப் படிக்கக்கூடியவை எவை? என் அம்மாவுக்கும், எங்கள் வேதபாடக் குழுவுக்கும், கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒரு நண்பருக்கும் எதைச் சொல்லலாம்?

பதில்: கிடைக்கும், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இந்தப் பெயரின் கீழ் இரண்டு வேறு வகை எழுத்துகள் இருக்கின்றன. ஒன்றை எதிர்பார்த்து மற்றதைக் கையில் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வகை, பதிப்பகங்கள் ‘கிறிஸ்தவப் புனைவு’ என்று பெயரிட்டே விற்பது. அமெரிக்க சுவிசேஷ சபை வாசகர்களை மனதில் வைத்து வளர்ந்த துறை இது. கனடிய எழுத்தாளர் ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ 1979இல் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றபோது, இப்படிப்பட்ட கதைக்கு ஒரு பெரிய வாசகர் கூட்டம் காத்திருப்பது பதிப்பாளர்களுக்குப் புரிந்தது. இந்த வகைக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கெட்ட வார்த்தை வராது. படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். முடிவு இருட்டாக இருக்காது. பெரும்பாலும் யாராவது ஒருவர் மனந்திரும்புவார். குடும்பத்தில் எல்லோரும் கூச்சமில்லாமல் படிக்கலாம் என்ற உத்தரவாதத்தை நம்பித்தான் வாசகர்கள் வாங்குகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

இரண்டாவது வகை, விசுவாசத்தைக் கருவாக எடுத்துக்கொண்டு எல்லா வாசகருக்குமாக எழுதப்பட்ட நாவல்கள். தஸ்தயேவ்ஸ்கி, கிரஹாம் கிரீன், ஷூசாகு எண்டோ, மரிலின் ராபின்சன் என்று இந்த வரிசை நீளும். இங்கே குடிகாரப் பாதிரியார் வருவார், ஜெபத்துக்குப் பதில் வராது, துரோகி கடைசிவரை துரோகியாகவே இருந்துவிடுவான். இவற்றைக் ‘கிறிஸ்தவ நாவல்’ என்று அட்டையில் போட எந்தப் பதிப்பகமும் யோசிக்கும். ஆனால் என் கணக்கில் சிலுவையை அதிகம் நெருங்கியவை இவைதான்.

பிரசங்கமாகத் தோன்றுவது ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம், தேர்ந்தெடுக்க அது உதவும். நாவலில் வேதவசனம் வருவதால் அது பிரசங்கமாகிவிடாது. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் (1866, தமிழில் எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்திருக்கிறார்) சோனியா லாசரு உயிர்த்தெழுந்த பகுதியை யோவான் சுவிசேஷத்திலிருந்து நீளமாக வாசித்துக் காட்டுகிறாள். உலக இலக்கியத்தில் மறக்கமுடியாத காட்சிகளில் அது ஒன்று. அங்கே அந்த வசனம் யாருக்கும் பாடம் சொல்லவில்லை. கொலை செய்துவிட்டு வந்தவன் கேட்கிறான், உடலை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுபவள் குரல் நடுங்க வாசிக்கிறாள். அந்த வசனம் பொய்யாகிவிட்டால் அவளுக்கு வாழ வழியே இல்லை. பிரசங்க நாவலில் இந்த ஆபத்து இருக்காது. கேள்வி பிறப்பதற்கு முன்பே பதில் வந்து உட்கார்ந்திருக்கும். கடைசி அத்தியாயத்தில் ஒருவர் முழங்காலிட்டதும் கடன், கலியாணம், வியாதி எல்லாம் வரிசையாகச் சரியாகிவிடும்.

எனவே ஒரு நாவலைப் புரட்டிப் பார்க்கும்போது நான் தேடுவது ஒன்றே ஒன்று: நம்பிக்கை இல்லாத பாத்திரத்துக்கு ஆசிரியர் நல்ல வாதத்தைக் கொடுத்திருக்கிறாரா? நாத்திகன் வெறும் குடிகாரனாகவோ, மனம் கசந்துபோன பேராசிரியராகவோ மட்டும் வந்து போனால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். தஸ்தயேவ்ஸ்கி ‘கரமாஸவ் சகோதரர்கள்’ நாவலில் (1880) மிக வலுவான வாதத்தை, கடவுளின் உலகத்தை ஏற்க மறுக்கும் சகோதரன் இவானுக்குத்தான் கொடுத்தார். ஒன்றும் அறியாத குழந்தைகள் படும் வேதனைக்கு ஈடாக எந்தப் பரலோக இசைவும் தனக்கு வேண்டாம் என்கிறான் இவான். இந்த நாவலை எழுதத் தொடங்கிய 1878ஆம் ஆண்டில்தான் தஸ்தயேவ்ஸ்கியின் மூன்று வயதுகூட நிறையாத மகன் அலெக்ஸி வலிப்பு வந்து இறந்தான். அந்தப் பிள்ளையின் செல்லப் பெயரான அல்யோஷா, நாவலில் இளைய கரமாஸவின் பெயராகியிருக்கிறது. இவானின் வாதத்தை முறியடிக்கும் எதிர்வாதம் நாவலில் எங்கும் இல்லை. இருப்பது அல்யோஷாவும் அவன் குருவான துறவி ஜோசிமாவும் வாழும் வாழ்க்கை மட்டுமே. விசுவாசமுள்ள எழுத்தாளர் ஒருவர் எதிராளியை இவ்வளவு பலசாலியாக்கத் துணிந்ததுதான் அந்த நாவலின் நேர்மை.

கிரஹாம் கிரீனின் ‘தி பவர் அண்ட் தி குளோரி’ (1940) இதே நேர்மையை இன்னும் சிறிய அளவில் காட்டும். 1930களின் மெக்சிகோவில் திருச்சபை தடைசெய்யப்பட்ட ஒரு மாநிலம். மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு குருவானவர். அவரும் குடிகாரர், அவருக்கு ஒரு மகளும் உண்டு. அவரைத் துரத்தும் போலீஸ் அதிகாரி கடவுளை வெறுப்பவர். ஆனால் ஏழைகள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர், ஒழுக்கத்தில் குருவைவிடப் பல மடங்கு மேல். ஒரு கட்டத்தில் குரு சிறையில் இருக்கிறார். அவர் யார் என்று தெரியாமலேயே இரக்கப்பட்டுக் கையில் பணம் கொடுத்து வெளியே அனுப்புகிறார் அந்த அதிகாரி. யார் நல்லவர், யார் பரிசுத்தவான் என்று வாசகர் தடுமாற வேண்டும் என்பதே ஆசிரியரின் திட்டம். இந்த நாவல் ரோமுக்குப் பிடிக்கவில்லை. 1950களில் வத்திக்கானின் கண்டனம் அதன்மேல் விழுந்தது. கிரீன் கத்தோலிக்க விசுவாசத்துக்கு மாறியவர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எண்டோவின் ‘சைலன்ஸ்’ (1966) பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் அதிகம் காயப்படுத்துவதும் அதுதான். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான். கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்படுகிறார்கள். தங்கள் ஆசானான ஃபெரெய்ரா விசுவாசத்தை மறுதலித்துவிட்டார் என்ற செய்தியை நம்பமுடியாமல் அவரைத் தேடி வருகிறார்கள் போர்ச்சுகல் நாட்டு இளம் குருக்கள். ஃபெரெய்ரா கற்பனை இல்லை, 1633இல் சித்திரவதையின்போது மறுதலித்த உண்மையான இயேசு சபைக் குரு. கிறிஸ்துவின் உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதித்தால் உயிர் பிழைக்கலாம் என்பது அன்றைய சோதனை. தன் உயிர் மட்டும் என்றால், அந்த இளம் குருக்களில் ஒருவரான ரொட்ரிகஸ் சாகத் தயங்கமாட்டார். ஆனால் அவர் மிதிக்காதவரை வேறு சிலர் குழியில் தலைகீழாகத் தொங்கவேண்டும். அன்பின் பெயரால் மறுதலிக்கலாமா? நாவல் இதற்குத் தீர்ப்பு சொல்லாமல் முடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லிவிட்டது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வெளிவந்த காலத்தில் ஜப்பானியக் கத்தோலிக்கர்களிலேயே பலருக்கு இது கோபமூட்டியது.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது ரொட்ரிகஸ் அல்ல, அவருக்கு வழிகாட்டியாக வரும் ஜப்பானியன் கிச்சிஜிரோ. காட்டிக்கொடுப்பான், அழுதுகொண்டே வந்து பாவமன்னிப்புக் கேட்பான், மறுபடியும் காட்டிக்கொடுப்பான். வேறு காலத்தில் பிறந்திருந்தால் நானும் நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்து செத்திருப்பேனே என்பது அவன் புலம்பல். பலவீனமாகப் பிறந்தவனுக்கு இரட்சிப்பில் பங்கு உண்டா என்ற அந்தக் கேள்வியை எண்டோ போல யாரும் கேட்டதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கை: புதிதாக ஞானஸ்நானம் பெற்றவருக்கோ, துக்கத்தில் இருப்பவருக்கோ இதைத் தனியாகப் படிக்கச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

இவ்வளவு கனம் வேண்டாம் என்றால் மரிலின் ராபின்சனின் ‘கிலியட்’ (2004, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது). 1956இல் அயோவாவின் ஒரு சின்ன ஊரில், இதய நோயால் சாகப்போகும் வயதான போதகர் ஜான் ஏம்ஸ், தன் சிறு மகன் பெரியவனானதும் படிக்கட்டும் என்று எழுதும் கடிதம்தான் முழு நாவலும். கதை என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர், வெளிச்சம், பழைய பிரசங்கக் கட்டுகள், தாத்தாவின் நினைவுகள். ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் பலர் கைவிடுகிறார்கள். பொறுத்திருந்தால், நண்பரின் மகனான ஜாக் வீடு திரும்பும் இடத்தில் நாவல் இறுகத் தொடங்கும். கிருபையைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசிய போதகருக்கு, ஒரே ஒரு மனிதனை, அந்த ஜாக்கை, மன்னிக்க வரவில்லை. தன்னை அவர் ஏமாற்றிக்கொள்ளும் வரிகளையும் அவரே எழுதிவைக்கிறார், நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான் படித்த போதகர்களில் இவர்தான் உண்மையானவர்.

சரித்திர நாவல்கள் பக்கம் வந்தால், வேதாகமக் காலத்துக் கதைகளில் எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு. மோசே, தாவீது, மரியாள் என்று பெரிய பாத்திரங்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். சுவிசேஷத்தில் இரண்டு வரி மட்டுமே வந்து மறைபவர்களை எடுத்தால் நாவலாசிரியருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ‘தி ரோப்’ (1942) சிலுவையடியில் சீட்டுப்போட்டு அங்கியை வென்ற ரோமானிய அதிகாரியின் கதை. அதை எழுதிய லாயிட் டக்ளஸ் ஒரு போதகர். ‘பென்-ஹர்’ (1880) எழுதிய லூ வாலஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைத் தளபதி. ரயில் பயணத்தில் புகழ்பெற்ற நாத்திகப் பேச்சாளர் இங்கர்சாலுடன் பேசியபோது, தன் மதத்தைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த நாவலில் இயேசு மிகச் சில இடங்களில்தான் வருகிறார், அதனாலேயே வரும்போது கனமாக வருகிறார்.

இந்த வரிசையில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பேர் லாகர்க்விஸ்டின் ‘பரபாஸ்’ (1950). அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. க.நா. சுப்ரமணியம் இதை ‘அன்பு வழி’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஓரிரு மாலைகளில் படித்துவிடக்கூடிய சிறிய நாவல். இயேசு தனக்காக மரித்தார் என்று எல்லோரும் விசுவாசத்தால் சொல்கிறார்கள். பரபாஸ் ஒருவனுக்கு மட்டும் அது நேரடியான தகவல். அவனுடைய இடத்தில்தான் அவர் தொங்கினார். இருந்தும் அவனால் நம்ப முடியவில்லை. சைப்ரஸ் செம்புச் சுரங்கத்தில் சாஹக் என்ற விசுவாசியோடு ஒரே சங்கிலியில் கட்டப்படுகிறான். அடிமைத் தகட்டின் பின்புறம் சாஹக் கிறிஸ்துவின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான், பரபாஸும் பொறித்துக்கொள்கிறான். அதிகாரி விசாரிக்கும்போது சாஹக் மறுதலிக்க மறுத்துச் சிலுவைக்குப் போகிறான். தனக்குக் கடவுள் யாரும் இல்லை என்று சொல்லும் பரபாஸின் தகட்டில் அந்தப் பெயர்மேல் கோடு இழுக்கப்படுகிறது. அழிக்கப்படவில்லை, அடிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகட்டோடு மிச்ச வாழ்நாளை அவன் நடக்கிறான். லாகர்க்விஸ்ட் சபைக்குக் கட்டுப்பட்ட விசுவாசி அல்ல. நம்பமுடியாதவனின் ஏக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர்.

உங்கள் நண்பருக்கு நான் சொல்வது இந்த ‘அன்பு வழி’யைத்தான். நம்பிக்கை இல்லாதவருக்கு மனந்திரும்புதல் நாவலைக் கொடுப்பது வலைவீசுவது போன்றது. முதல் பக்கத்திலேயே அவர் அதைக் கண்டுகொள்வார், அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் புத்தகம் கொடுத்தாலும் சந்தேகமாகத்தான் வாங்குவார். “இது எனக்குப் பிடித்தது, ஏன் என்று படித்துவிட்டுச் சொல்” என்று கொடுங்கள். படித்து முடித்ததும் மனம் மாறியதா என்று மட்டும் விசாரிக்காதீர்கள். நகைச்சுவை பிடித்தவராக இருந்தால் சி.எஸ். லூயிஸின் ‘ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்’ (1942) இன்னும் நல்ல தொடக்கம். மனிதனை எப்படி மெல்லமெல்லக் கெடுப்பது என்று ஒரு மூத்த பிசாசு தன் மருமகனுக்கு எழுதும் கடிதங்கள் அவை. நாத்திகரும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே தன்னைப் பார்த்துக்கொள்வார்.

இனி முதல் வகை நாவல்களுக்கும் நியாயம் செய்யவேண்டும். இலக்கிய வாசகர்கள் இவற்றை ஒரேயடியாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் அம்மா ஆங்கிலத்தில் படிப்பவர் என்றால் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ கொடுங்கள். கணவனைத் திடீரென இழந்த கர்ப்பிணியான மார்ட்டி, தாயில்லாப் பிள்ளையோடு இருக்கும் கிளார்க்கை வேறு வழியில்லாமல் மணக்கிறாள். வசந்தம் வந்ததும் ஊர் திரும்பலாம் என்பது ஒப்பந்தம். கிளார்க்கின் விசுவாசம் அவன் பேச்சில் குறைவாகவும், அவன் காத்திருப்பதில் அதிகமாகவும் தெரியும். எளிய நடை, எளிய மனிதர்கள்.

ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ (1991) அப்படி யோசிக்காமல் கொடுக்கக்கூடியது அல்ல. தீர்க்கதரிசி ஓசியா, விலைமாதான தன் மனைவியை மீட்டுக்கொண்டு வரும் வேதாகமக் கதையை கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்துக்கு மாற்றியது. உணர்ச்சி வேகம் அபாரம், ஒரே மூச்சில் படிக்க வைக்கும். ஆனால் சிறுமியின்மேல் நடக்கும் பாலியல் வன்முறை கதையின் மையத்தில் இருக்கிறது. அட்டையைப் பார்த்துக் காதல் கதை என்று பதின்வயதினருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் நீங்கள் படியுங்கள். இன்னொரு சங்கடமும் எனக்கு உண்டு: அதில் கணவன் மிக அதிகமாகப் பரிசுத்தமானவன், கடவுளின் இடத்திலேயே நின்றுவிடுகிறான்.

ஃபிராங்க் பெரெட்டியின் ‘திஸ் பிரசன்ட் டார்க்னஸ்’ (1986) தேவதூதரும் பிசாசுகளும் ஒரு சிற்றூரின் மேல் போரிடும் விறுவிறுப்புக் கதை. அதை நாவலாகப் படித்தால் நல்ல பொழுதுபோக்கு. வேதபாடமாகப் படித்தால் தலைவலிக்கெல்லாம் பிசாசைத் தேடத் தோன்றும். 1995இல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ வரிசை கோடிக்கணக்கில் விற்றது. அது கடைசிக்காலம் பற்றிய ஒரு குறிப்பிட்ட போதனையின்மேல் கட்டப்பட்டது, கத்தோலிக்கரும் பல சீர்திருத்த சபையாரும் அதை ஏற்பதில்லை. கொடுக்கும்முன் அவர் எந்தச் சபை என்று யோசித்துக்கொள்ளுங்கள், வேண்டாத வாக்குவாதம் மிச்சம். எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை.

தமிழிலேயே எழுதப்பட்டவற்றை விட்டுவிட்டால் பதில் பாதிதான். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை, ஆனால் போதனையே கிடையாது. பெருமை மட்டும் மிஞ்சி நொடித்துப்போன வீட்டில் வளரும் லிஸி, பனையேறியின் மகனை விரும்புகிறாள். ஒரே வேதத்தை வாசித்துக்கொண்டே மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படித் தள்ளிவைக்கிறார்கள் என்பதை அந்தம்மா கோபப்படாமல் எழுதிவிட்டார். அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால் மேலே சொன்ன எதையும்விட இதுவே முதல். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) இரண்டும் கடற்கரைக் கத்தோலிக்கர்களின் வாழ்க்கை. இவற்றில் விசுவாசம் விவாதிக்கப்படுவதில்லை, உப்புக்காற்று போல எங்கும் இருக்கிறது. கவிதையாகப் படிக்கத் தெம்பு இருந்தால் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894). ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி, கம்பனின் ஓசையில் எழுந்த காப்பியம் அது.

வேதபாடக் குழுவுக்கு ஒரே நாவலை எல்லோரும் படிப்பதைவிட ஒரு ஜோடியைச் சொல்வேன்: ‘கிலியட்’, அதன் பிறகு அதே ஆசிரியரின் ‘ஹோம்’ (2008). இரண்டாவதில் அதே நாட்கள் ஜாக்கின் வீட்டுக்குள்ளிருந்து, அவன் தங்கை குளோரியின் பார்வையில் வருகின்றன. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரனை அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மகன் திரும்பி வந்துவிட்டான், அப்பா கட்டியணைத்தும் விட்டார், அப்படியும் வீட்டில் நிம்மதி இல்லை என்றால் என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆசிரியரின் இறையியல் சரியா தவறா என்று ஆரம்பிக்கும் கூட்டங்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். எந்தப் பாத்திரத்தின்மேல் எரிச்சல் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பேசாதவர்களும் பேசுவார்கள். ‘தி ஷாக்’ (2007) நாவலை யாராவது கண்டிப்பாக முன்மொழிவார்கள். மகளைக் கொலைகாரனிடம் இழந்த தந்தை கடவுளைச் சந்திக்கும் கதை, திரித்துவத்தை அதில் காட்டியிருக்கும் விதத்தால் பெரும் சர்ச்சைக்குள்ளானது. விவாதத்துக்கு நல்ல தீனி, எழுத்து சுமார். குழுவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் எதில் தொடங்குவது என்றால், ‘அன்பு வழி’யில். பிடித்திருந்தால் அடுத்து கிரீன், அதன் பிறகு எண்டோ. ‘கரமாஸவ் சகோதரர்க’ளைச் சுருக்கப் பதிப்பில் படிக்காதீர்கள். சுருக்கும்போது துறவி ஜோசிமாவின் பகுதி வெட்டுப்பட்டுவிடலாம், இவானுக்கு நாவலில் ஏதாவது பதில் இருக்கிறதென்றால் அது அங்கேதான் இருக்கிறது.